மதுரை – துபாய் வான்வழித் தூரம், பயண நேரம்: டிக்கெட்டில் இருக்கும் கணக்கு புரியவில்லை

கீழக்கரைத் தங்கை | செவ்வாய், இரவு 9:40

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம்.

எங்க வாப்பா வர்ற ஜனவரியில் முதல் தடவையா விமானம் ஏறப் போறாங்க. லாத்தா (அக்கா) துபாயில் இருக்கா, பேத்தி பிறந்திருக்கு. வாப்பா எழுபதை நெருங்குறாங்க, சுகர் உண்டு, காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் போடணும். அதனால எத்தனை மணி நேரம் ஆகும்னு சரியா தெரிஞ்சே ஆகணும்.

டிக்கெட் பார்த்தேன். மதுரையில் பகல் 12:00க்குக் கிளம்பி துபாயில் 2:45க்கு இறங்குது. திரும்பும்போது துபாயில் காலை 6:00க்குக் கிளம்பி மதுரையில் 11:20. போறதுக்கு இரண்டே முக்கால் மணி, வர்றதுக்கு ஐந்து மணி இருபது நிமிஷமா? தூரமும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி. 2,950 கிலோமீட்டர் என்கிறாங்க, 1,830 மைல் என்கிறாங்க, இன்னொருத்தர் 1,590 மைல் என்கிறார். எது சரி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேரா சபராளி | செவ்வாய், இரவு 10:15

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. நேரக் கணக்கு லேசு. டிக்கெட்டில் கிளம்புற நேரம் கிளம்புற ஊர்க் கடிகாரப்படி, இறங்குற நேரம் இறங்குற ஊர்க் கடிகாரப்படி. துபாய் நம்ம ஊரை விட ஒன்றரை மணி பின்னாடி. மதுரையில் 12:00 அடிக்கும்போது இங்கே காலை 10:30தான். 10:30ல இருந்து 2:45 வரைக்கும் எண்ணிப் பாருங்க, நாலேகால் மணி. திரும்பும்போது துபாய் 6:00ன்னா நம்ம ஊர் 7:30. அதிலிருந்து 11:20 வரைக்கும் மூன்று மணி ஐம்பது நிமிஷம்.

வாப்பா கைக்கடிகாரத்தைத் துபாயில் இறங்குற வரைக்கும் மாத்த வேண்டாம்னு சொல்லுங்க. ஊசி நேரம், தொழுகை நேரம் எல்லாம் குழம்பாம இருக்கும். இறங்கின பிறகு லாத்தா மாத்திக் கொடுக்கட்டும்.

வானோடி | புதன், காலை 6:50

நான் விமான நிலையத் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். தூரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் ஒரே தூரம்தான். 2,950 கி.மீ. என்பது மதுரை ஓடுபாதையிலிருந்து துபாய் ஓடுபாதைக்கு, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு இழுத்தால் வருவது. சாலையில் நாம் சொல்லும் மைல் 1.609 கி.மீ. அதில் வகுத்தால் 1,830 சொச்சம். விமானிகள் பயன்படுத்துவது கடல் மைல், அது 1.852 கி.மீ. அதில் வகுத்தால் 1,590 சொச்சம். இணையத்தில் பல இடங்களில் எந்த மைல் என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

அந்தக் கோடு எங்கே போகிறது தெரியுமா? மதுரையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கோழிக்கோட்டுக்குச் சற்று வடக்கே கேரளக் கரையை விடுகிறது. பிறகு முழுக்க அரபிக் கடல். கடைசியில் ஓமன் நாட்டுக்குள் மஸ்கட் பக்கமாக நுழைந்து துபாய். உண்மையில் விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. வரையறுத்த வான்பாதைகள் உண்டு, துபாயில் நெரிசல் இருந்தால் இறங்கும் முன் வட்டமடிக்க வைப்பார்கள். ஆக 2,950 என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் எவ்வளவு என்பது அன்றன்றைக்கு மாறும்.

இன்னொன்று. டிக்கெட்டில் போட்டிருக்கும் நாலேகால் மணியும் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பது முதல், அங்கே போய் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்வது எல்லாம் அதில் அடக்கம்.

பாம்பன் கடலோடி | புதன், மதியம் 1:20

கடல் மைல்னா எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. போட்டுல ஜிபிஎஸ் காட்டுறது எல்லாம் அதுதான். ஒரு அட்சரேகை நிமிஷம் நகர்ந்தா ஒரு கடல் மைல். பாகைக்கு அறுபது. கணக்குப் போட பேனாகூட வேண்டாம்.

எனக்கு ஒரு கேள்வி. நேரக் கணக்கைச் சரிசெய்த பிறகும் போக நாலேகால், வர மூணே முக்கால் சொச்சம். இருபத்தஞ்சு நிமிஷ வித்தியாசம் எங்கிருந்து வருது? பூமி சுத்துறதால துபாய் விலகிப் போகுதுன்னு எங்க ஊர்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு.

வானோடி | புதன், மாலை 5:05

பூமி சுற்றுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை தம்பி. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. வித்தியாசம் காற்றால் வருகிறது. நீரோட்டத்துக்கு எதிராகப் போட் ஓட்டினால் உங்களுக்கு என்ன ஆகுமோ, அதேதான் அங்கேயும்.

கணக்காகவே பார்ப்போம். இந்த வகை ஜெட் விமானம் காற்றுக்குள் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் போகும். எதிர்க்காற்று சராசரியாக 60 கி.மீ. என்று வைத்தால் தரையைப் பொறுத்து 770. 2,950 கி.மீ.க்கு மூன்று மணி ஐம்பது நிமிடம். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 890, மூன்று மணி இருபது நிமிடம். இரண்டோடும் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் ஓர் அரைமணி சேர்த்துப் பாருங்கள். கீழக்கரைத் தங்கையின் டிக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும். நவம்பர் முதல் மார்ச் வரை வட இந்தியா, வளைகுடா அட்சரேகைகளில் உயரத்தில் பலமான மேற்குக் காற்று ஓடும். பயணத்தின் பின்பாதி அதற்குள் நுழைகிறது.

பாம்பன் கடலோடி | புதன், இரவு 8:30

அப்போ ஆனி, ஆடியில கச்சான் (மேற்கே இருந்து வர்ற காத்து) அடிக்கும்போது இன்னும் மோசமா இருக்கணுமே? எங்களுக்குப் போட்டை எடுக்கவே முடியாது. பாலத்து மேல பஸ்ஸே ஆடும்.

வானோடி | புதன், இரவு 9:10

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. மேலே நேர்மாறு.

நீங்கள் கச்சானில் அவதிப்படும் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில், தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்பார்கள். இதை 1950களில் கண்டு சொன்னவர் நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி. கோட்டீஸ்வரம். கோடையில் திபெத் பீடபூமி சூடாகி மேலே காற்றழுத்தம் உயர்கிறது. அதன் தென்புறத்தில் இந்தக் காற்று பிறக்கிறது. உச்ச வேகம் 14, 15 கி.மீ. உயரத்தில். விமானம் பறக்கும் 11, 12 கி.மீ.யிலும் அதன் பலம் தெரியும்.

ஆகவே பருவமழைக் காலத்தில் மேற்கே போகிற விமானத்துக்குப் பயணத்தின் முன்பாதியில் பின்னால் இருந்து உதவி கிடைக்கிறது. கடலில் கச்சான், அதற்கு மேலே கொண்டல் திசைக் காற்று, அதாவது கீழைக்காற்று. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. பணியில் இருந்த காலத்தில் விமானிகளுக்குக் கொடுக்கும் காற்று வரைபடத்தை ஒவ்வொரு ஆடி மாதமும் ஆசையோடு பார்ப்பேன்.

பாம்பன் கடலோடி | புதன், இரவு 9:25

இத நாளைக்குப் படகுத்துறையில போய்ச் சொல்லணும் ஐயா. கச்சான் முழு வானத்துக்கும் அடிக்குதுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம்.

பெரியபட்டினத்தான் | வியாழன், காலை 10:00

பேச்சு வேற பக்கம் போகுது. தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க. மதுரையிலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் கம்மி. நேரம் ஒத்து வராது. சென்னைக்குப் போயிட்டா வரிசையா இருக்கு. ஆனா சென்னை வடகிழக்கே 420 கி.மீ. தள்ளி இருக்கு, அதனால அந்தத் தூரம் விமானத்திலயும் கூடுதலாத்தான் வரும்னு நினைக்கிறேன். வயசானவங்கன்னா திருச்சி பரவாயில்லை.

வானோடி | வியாழன், மதியம் 12:40

விமானத்தில் கூடாது. இதைப் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மதுரை – துபாய் சுமார் 2,950 கி.மீ.
திருச்சி – துபாய் சுமார் 2,940 கி.மீ.
சென்னை – துபாய் சுமார் 2,930 கி.மீ.
திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,950 கி.மீ.

துபாயில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டம் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, சென்னை நான்கையும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டே போகும். துபாய் நமக்கு வடமேற்கே இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை வடகிழக்கே. கிழக்கே போவதால் கூடுவதை வடக்கே போவது ஈடுகட்டிவிடுகிறது. கொச்சி மட்டும் வட்டத்துக்குள் வரும், சுமார் 2,780.

அதனால் எந்த ஊரில் ஏறினாலும் வானத்தில் நாலு மணி நேரம்தான். மாறுவது தரையில்.

தேரா சபராளி | வியாழன், மதியம் 2:30

இத்தனை வருஷம் போய் வந்துக்கிட்டிருக்கேன், இப்படி யோசிச்சதே இல்லை ஐயா.

தரைக் கணக்கை நான் சொல்றேன். கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 130 கி.மீ. இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம், அப்புறம் விரகனூர் ரவுண்டானாவில் இடது பக்கம் திரும்பி சுற்றுச்சாலை பிடிச்சா ஊருக்குள்ள போகாமலே மண்டேலா நகர் வழியா போயிடலாம். கார்ல இரண்டரை மணி. பரமக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் நாலுவழி, பறக்கலாம். பரமக்குடிக்கு இந்தப் பக்கம்தான் நேரத்தைத் தின்னும். அந்த 46.7 கி.மீ.யை 1,853 கோடி ரூபாயில் நாலுவழி ஆக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு. முடியுற வரைக்கும் அரைமணி கூடவே வச்சுக்கணும்.

திருச்சிக்குத் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழி. நாலு மணி நேரம் வச்சுக்கோங்க. சென்னைக்குன்னா இராமநாதபுரத்தில் இரவு ரயில் ஏறி, விடிகாலையில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரேயே விமான நிலையம். இளந்தாரிகளுக்கு அது சரி. மூட்டை முடிச்சோட ஒரு பெரியவருக்கு அது சரிவராது.

வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி போகணும். ஆக மதுரைக் கணக்கு: கார் இரண்டரை, காத்திருப்பு மூணு, விமானம் நாலேகால், துபாயில் குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி, வீடு போக அரைமணி. பதினோரு மணி நேரத்துக்கு மேல. வாப்பாவோட சாப்பாடு, ஊசி எல்லாத்தையும் இந்தப் பதினோரு மணியை வச்சுத் திட்டம் போடுங்க. நாலேகாலை வச்சுப் போடாதீங்க.

பெரியபட்டினத்தான் | வியாழன், மாலை 6:15

தூரம் ஒண்ணுதான்னா மதுரைக்கு ஏன் விமானம் கம்மி? கூட்டமா இல்லை? கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி, தேவிபட்டினம், இளையான்குடி, பரமக்குடின்னு எத்தனை ஊர்ச் சனம் வளைகுடாவில இருக்கு!

வானோடி | வியாழன், இரவு 7:30

கூட்டம் இருக்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கு இடையே விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் உண்டு. அயல்நாட்டு நிறுவனங்கள் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று அதில் பட்டியல் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தத்தில் சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் உண்டு. மதுரை இல்லை. அதனால் அந்நாட்டு நிறுவனங்கள் மதுரைக்கு வர முடியாது, இந்திய நிறுவனங்கள் மட்டுமே ஓட்டலாம். இலங்கை நிறுவனம் வருவது அந்நாட்டுடன் உள்ள ஏற்பாடு தாராளமாக இருப்பதால்.

இரண்டாவது, ஓடுபாதை. மதுரையில் 2,286 மீட்டர். ஒற்றை நடைபாதை கொண்ட விமானங்களுக்குப் போதும், பெரிய விமானங்கள் நிறைச் சுமையோடு எழும்பப் போதாது. நீட்டிப்புக்கு நிலம் எடுக்கும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குவது ஒரு நல்ல முன்னேற்றம். வளைகுடாப் பயணங்கள் பெரும்பாலும் இரவில் ஓடுபவை, முன்பு அதற்கு வழியே இல்லாமல் இருந்தது. ஒப்பந்தத்தில் மதுரை சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சேராதவரை இந்தக் கரையோரத்து மக்கள் தங்கள் பக்கத்து விமான நிலையத்தை விட்டு வேறு ஊருக்கு இரவு ரயில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உச்சிப்புளி மாணவன் | வியாழன், இரவு 8:50

எங்க ஊர்லயே ஓடுபாதை இருக்கே! ஐ.என்.எஸ். பருந்து. கடற்படைத் தளமா 2009இல் ஆனது. ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் தினம் தலைக்கு மேல போகுது. அதுல பயணிகள் விமானம் விட்டா எவ்வளவு நல்லா இருக்கும்? 2025 பட்ஜெட்டில் இராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும்னு தமிழக அரசு அறிவிச்சதே, அதுலயாவது துபாய்க்கு விடுவாங்களா?

வானோடி | வியாழன், இரவு 9:35

துபாய்க்கு நேரடியாக விடுவது தூரத்துக் கனவு தம்பி. ஏ.டி.ஆர். என்ற விசிறி விமானங்களுக்கு ஒன்றரை கி.மீ. ஓடுபாதை இருந்தாலே போதும். எழுபது பேர் வரை ஏறலாம். மணிக்கு 500 கி.மீ. வேகம். அதை வைத்துச் சென்னைக்கு ஓட்டினால் ஒன்றேகால், ஒன்றரை மணியில் போய்விடலாம். அங்கே அதே கட்டடத் தொகுப்பில் அடுத்த விமானம். பத்து மணி நேர ரயில் மிச்சமாகும். இராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரிகர்களும் இருப்பதால் இருக்கைகள் காலியாகப் போகாது.

தொண்டிக்காரன் | வெள்ளி, காலை 7:20

உச்சிப்புளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் 130 கி.மீ.தான். மதுரைக்குச் சாலையில் போகும் தூரம்! ஆனால் விமானத்தில் போக வேண்டும் என்றால் முதலில் சாலையில் திருச்சி, 180 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து பலாலிக்கு வான்வழி 185 கி.மீ. இல்லையென்றால் சென்னை போய் 355 கி.மீ. திரும்பி வரணும். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, அதன் பிறகு 1980கள் வரை இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எங்கள் வீட்டில் பெண் கொடுத்து எடுத்த உறவு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தக் கரையில் ஒரு விமான நிலையம் வந்தால் முதல் விமானம் பலாலிக்குப் போகணும் என்பது என் கருத்து.

தேரா சபராளி | வெள்ளி, காலை 8:05

கொழும்பு வழியா துபாய் வர்றவங்களும் இருக்காங்க. மதுரை – கொழும்பு 355 கி.மீ., ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனா கொழும்பிலிருந்து துபாய் 3,290. மொத்தத்தில் 700 கி.மீ. கூடுதல், நடுவுல காத்திருப்பு வேற. காசு மிச்சம்னாலும் வாப்பாவுக்கு அது வேண்டாம்.

மருந்துக்கடை அக்கா | வெள்ளி, காலை 11:30

எல்லாரும் கிலோமீட்டர் பேசுறீங்க, அந்தப் பிள்ளை கேட்டது இன்சுலினைப் பத்தி. நான் சொல்றேன் மா.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையில் குளிர் அதிகமாகி உறைஞ்சு போயிடலாம். உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது. கைப்பையில் வைங்க, ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாத்தோடயும். டாக்டர்கிட்ட ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கோங்க, மருந்துச் சீட்டும் கூட. பாதுகாப்புச் சோதனையில் காட்டணும்.

ஒன்றரை மணி வித்தியாசம் பெரிசில்லை, ஆனாலும் ராத்திரி ஊசியை எந்த ஊர் நேரப்படி போடணும்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்குங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற ஊசியா இருந்தா, சாப்பாடு கண்ணு முன்னாடி வந்த பிறகுதான் போடணும். விமானம் தாமதமானா சாப்பாடும் தாமதமாகும். பிஸ்கட்டும் நாலு மிட்டாயும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். விமானத்தில் தாகம் தெரியாது, தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க.

ரெண்டு விஷயம் மறக்காதீங்க. வலி மாத்திரை, இருமல் மருந்து சிலதுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேணும். சீட்டு இல்லாம எதையும் போட்டு அனுப்பாதீங்க. மசாலா சாமான் கட்டும்போது கசகசா ஒரு சிட்டிகை கூட இருக்கக் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைச்சுச் சேர்த்திருந்தா அதையும் எடுத்திடுங்க.

கீழக்கரைத் தங்கை | வெள்ளி, மாலை 4:45

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். அக்கா, உம்மா கட்டி வச்சிருந்த குருமாப் பொடியில் கசகசா இருந்தது. எடுத்தாச்சு.

மதுரையிலேயே போடலாம்னு முடிவு. வாப்பாகிட்ட நான்கு ஊர் வட்டத்தைப் படம் போட்டுக் காட்டினேன், அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. காலை 6:15க்குக் கார் சொல்லியிருக்கேன். வாப்பாவுக்கு மூட்டு வலி உண்டு, துபாய் நிலையத்தில் நடை அதிகம்னு லாத்தா சொல்றா. சக்கர நாற்காலி கேட்டா தனியா காசு கட்டணுமா?

வானோடி | வெள்ளி, மாலை 5:20

கட்ட வேண்டியதில்லை. டிக்கெட் போடும்போதே குறிப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்பு நிறுவனத்திடம் சொல்லுங்கள். மதுரையில் கவுன்டரிலிருந்து விமான வாசல் வரை ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார். துபாயில் கதவிலேயே இன்னொருவர் நிற்பார், குடிநுழைவைத் தாண்டி லாத்தா நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விடுவார். திரும்பும் டிக்கெட்டிலும் அதே குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பலர் போகும் டிக்கெட்டில் மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். கார் 6:15 என்றால் சரியாக இருக்கும், பரமக்குடிக்கு முன் எங்கேயும் நிறுத்த வேண்டாம்.